எட்டு நூல்கள், 42 வாரங்கள்: கோலாலம்பூர் வாசகர்களுக்கு உலக இலக்கிய வாசிப்பு வழிகாட்டி

பள்ளியில் சங்கப் பாட்டு படித்தவர்களுக்குக் ‘கூற்று’ என்ற சொல் மறந்திருக்காது. பாட்டின் அடியில் ‘பிரிவிடை வருந்திய தலைவி தோழிக்கு உரைத்தது’ என்று ஒரு வரி வரும். யார் பேசுகிறார், யாரிடம், எந்த நேரத்தில் என்று தெரிந்துகொண்டு பாட்டுக்குத் திரும்பினால் நாலு வரிக்குள் ஒரு வீடே தெரியும். கிரேக்கக் காப்பியத்துக்கும் ரஷ்ய நாவலுக்கும் இதே பழக்கம் அப்படியே பொருந்துகிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அதை நம்பித்தான் போகிறது.

நூல்களும் அவற்றுக்கான காலமும் இவை:

கில்காமெஷ் – 2 வாரம்
ஹோமரின் ஒடிசி – 8 வாரம்
சோபோக்ளிஸின் ஈடிபஸ் மன்னன் – 1 வாரம்
முராசாகி ஷிகிபுவின் கெஞ்சி கதை, முதல் 9 அத்தியாயங்கள் – 4 வாரம்
செஜாரா மெலாயு – 4 வாரம்
செர்வாந்தெஸின் டான் கிஹோத்தே – 13 வாரம்
தஸ்தயெவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும் – 7 வாரம்
சினுவா அச்செபெயின் சிதைவுகள் – 3 வாரம்

மொத்தம் 42 வாரம். ஆண்டின் மீதி 10 வாரங்களைத் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் பிள்ளைகளின் தேர்வுக்கும் விட்டுவிடுங்கள். 52 வாரத்துக்கும் திட்டம் போடுகிறவர்கள் முதல் பெருநாளிலேயே பின்தங்கிப்போய், பிறகு புத்தகத்தைக் கையில் எடுக்கவே தயங்குவார்கள்.

தாந்தேயும் டால்ஸ்டாயும் இதில் இல்லை. தாந்தேயின் 100 காண்டங்களைப் படிக்க வேர்ஜிலும் பைபிளும் ஃப்ளாரன்ஸ் நகரத்து அரசியலும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். டால்ஸ்டாயின் பெரிய நாவலுக்குத் தனியாக ஓர் ஆண்டு வேண்டும். கம்பனையும் இளங்கோவையும் விட்டதற்குக் காரணம் வேறு: அவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள். ஒடிசி படிக்கும் எட்டு வாரமும் சிலப்பதிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 30 காதைகள்தான்.

ஆட்களும் நேரமும்

தனியாகவும் படிக்கலாம். மூன்று முதல் ஐந்து பேர் சேர்ந்தால் பாதியில் நிற்பது குறைகிறது. ஏழு பேருக்கு மேல் போனால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டு இருப்பதாகிவிடும். ஒரு நாளைக்கு 40 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரச் சந்திப்பு. பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் பேசலாம், ஆனால் வாய்விட்டு வாசிக்க முடியாது. ஈடிபஸுக்கும் ஒடிசியின் சில பகுதிகளுக்கும் யாராவது ஒருவர் வீட்டுக் கூடம்தான் சரி.

பதிப்பைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். கிடைத்த பதிப்பை எடுத்துப் படித்துவிட்டு, நூல் சலிப்பாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். குறை மொழிபெயர்ப்பில் இருக்கும், அல்லது அது சுருக்கப் பதிப்பாக இருக்கும்.

முதல் சோதனை எண்ணிக்கை. பொருளடக்கத்தைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஒடிசியில் 24 பாகங்கள் இருக்க வேண்டும். டான் கிஹோத்தேயில் 126 அத்தியாயங்கள்: 1605இல் வந்த முதல் பாகத்தில் 52, 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் 74. குற்றமும் தண்டனையும் ஆறு பாகங்களும் ஒரு பின்னுரையும் கொண்டது. எண் குறைந்தால் அது சுருக்கம். அட்டையில் அப்படிப் போட்டிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இரண்டாவது சோதனை பெயர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சாமுவேல் பட்லரின் 1900ஆம் ஆண்டு உரைநடை ஒடிசியில் கிரேக்கப் பெயர்களுக்குப் பதில் ரோமானியப் பெயர்கள் இருக்கும். அதில் ஒடிசியஸ் யுலிசீஸ் ஆகிவிடுவார், ஸியூஸ் ஜோவ், அதீனா மினர்வா. குழுவில் ஒருவர் பட்லரையும் இன்னொருவர் புதிய மொழிபெயர்ப்பையும் வைத்திருந்தால் முதல் சந்திப்பில் அரை மணி நேரம் பெயர்க் குழப்பத்திலேயே கரையும். எல்லாரும் ஒரே மொழிபெயர்ப்பை எடுப்பது நல்லது. முடியாவிட்டால் ஒரு பெயர்த் தாளைப் படி எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது சோதனை ஒரு பத்தி. நூலின் நடுவிலிருந்து ஒரே பத்தியை இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளில் வாய்விட்டு வாசியுங்கள். எது மூச்சுக்கு ஒத்துவருகிறதோ அதுதான் உங்களுக்கானது. ஒடிசியின் முதல் வரியிலேயே வேறுபாடு தெரியும். கதைத் தலைவனுக்கு ஹோமர் தரும் அடைமொழிக்குப் பல பக்கம் திரும்பியவன் என்றும், பல விதமாகத் திரும்பத் தெரிந்தவன் என்றும் இரண்டு பொருள் உண்டு. ஒன்று அலைச்சல், மற்றது தந்திரம். 1965இல் லாட்டிமோர் பல வழிகள் உள்ளவன் என்றார். 1996இல் ஃபேகிள்ஸ் வளைவும் திருப்பமும் உள்ளவன் என்றார். 2017இல் எமிலி வில்சன் சிக்கலான மனிதன் என்று ஒரே சொல்லில் முடித்தார். முதல் வாசிப்புக்கு வில்சன் போதும். மூலத்தில் எத்தனை வரியோ அத்தனை வரியில் அவர் நிறுத்திக்கொள்வதால் வரி எண்ணைச் சொல்லிப் பேச வசதி.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் உள்பக்கத்தைப் பாருங்கள். மூலமொழியிலிருந்து நேரடியாக வந்ததா, ஆங்கிலம் வழியாகவா என்று பெரும்பாலும் குறித்திருப்பார்கள். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து செய்த காம்யுவின் ‘அந்நியன்’, ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து செய்த காஃப்காவின் ‘விசாரணை’ இரண்டும் நேரடியானவை. வாக்கியத்தின் நடை மூலத்தோடு ஒட்டிப் போகும். ஆங்கிலம் வழி வந்ததெல்லாம் மட்டம் என்று இதற்குப் பொருள் இல்லை. எம்.ஏ. சுசீலாவின் ‘குற்றமும் தண்டனையும்’ ஆங்கிலம் வழி வந்ததுதான், தஸ்தயெவ்ஸ்கியின் படபடப்பு அதில் குறையவில்லை.

ஆங்கிலப் பதிப்புகளுக்கு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் முதலில் தேடுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்த நூலகமும் கைக்கு எட்டும். தமிழ் மொழிபெயர்ப்புகளை பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கத்துக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தால் அந்த நூலின் முறை வருவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

எந்தப் பதிப்பானாலும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பேராசிரியர்கள் எழுதும் முன்னுரை, நூலை ஏற்கெனவே படித்தவர்களோடு பேசுவது. மூன்றாம் பக்கத்திலேயே யார் சாகிறார் என்று சொல்லிவிடும்.

கூற்று நோட்டு

80 பக்க நோட்டுப் புத்தகம் நூலுக்கு ஒன்று. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மூன்றே வரி: யார் சொல்வது, யாருக்கு, சொல்பவர் எதை மறைக்கிறார். கதைச்சுருக்கம் எழுத வேண்டாம், அது எங்கே தேடினாலும் கிடைக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பெயர்களுக்கு ஒதுக்குங்கள். வண்ணப் பேனாவால் வரிக்கு வரி கோடு போடுகிறவர்களுக்கு ஒரு மாதம் கழித்து ஏன் போட்டோம் என்று தெரிவதில்லை. மூன்று வரி எழுதியவர்களுக்குத் தெரியும்.

இனி ஒவ்வொரு நூலாக.

கில்காமெஷ்

மெசபடோமியாவின் பழங்காப்பியம், ஊருக் நகர மன்னன் கில்காமெஷின் கதை. களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தில் எழுதப்பட்டது. நினிவே நகரில் அசூர்பானிபால் மன்னரின் நூலகத்திலிருந்து கிடைத்த உடைந்த துண்டுகளில் வெள்ளப்பெருக்குக் கதை இருப்பதை 1872இல் ஜார்ஜ் ஸ்மித் லண்டனில் படித்தறிந்தார். கதை 11 பலகைகளில் முடிகிறது. 12ஆவது பின்னொட்டு, அதைக் கடைசியில் படித்தால் போதும்.

பக்கமெங்கும் புள்ளிகளும் அடைப்புகளும் இருக்கும். அந்த இடங்களில் பலகை உடைந்துவிட்டது. பதிற்றுப்பத்தின் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லாமலே அதைப் படிக்கிறவர்கள் நாம். புறநானூற்றில் சிதைந்த அடிகளையும் பார்த்திருக்கிறோம். அதே பொறுமை இங்கேயும் போதும். இடைவெளிகளை நிரப்பி வழவழப்பாக எழுதிய மறுகூறல்களைத் தவிருங்கள். ஆண்ட்ரூ ஜார்ஜின் 1999 மொழிபெயர்ப்பில் எது எந்தக் காலத்துப் பலகை என்று பிரித்துக் காட்டியிருக்கும். மதுக்கடைக்காரி சிதூரி ‘உண், ஆடு, பிள்ளையின் கையைப் பிடி’ என்று சொல்லும் புகழ்பெற்ற அறிவுரை பழைய பாபிலோனியப் பாடத்தில் உண்டு, பிற்காலப் பொதுப் பாடத்தில் இல்லை. பத்தாம் பலகையில் அதைத் தேடி ஏமாறுகிறவர்கள் நிறைய.

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் ரொட்டிகள். சாவை வெல்ல வந்த கில்காமெஷிடம், ஆறு பகல் ஏழு இரவு தூங்காமல் இரு பார்ப்போம் என்கிறார் வெள்ளத்தில் தப்பிச் சாகாவரம் பெற்ற உத்னபிஷ்திம். உட்கார்ந்த உடனே அவன் தூங்கிப்போகிறான். எழுந்ததும் மறுப்பான் என்று உத்னபிஷ்திம் சொல்ல, அவர் மனைவி நாளுக்கு ஒரு ரொட்டி சுட்டுத் தலைமாட்டில் வைக்கிறாள். எழுப்பும்போது முதல் ரொட்டி காய்ந்து கிடக்கிறது, ஐந்தாவதில் பூஞ்சை பூத்திருக்கிறது, ஏழாவது இன்னும் தணலில் இருக்கிறது. மனிதன் சாகத்தான் வேண்டும் என்பதை அவள் ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிடுகிறாள். நோட்டில் அவள் கூற்றை எழுதிவையுங்கள்.

ஒடிசி

வாரத்துக்கு மூன்று பாகம், எட்டு வாரத்தில் 24. ஏறத்தாழ 12,100 வரிகள், பாகத்துக்குச் சராசரி 500. ஒரு பாகத்தை வாய்விட்டு வாசிக்க 40 நிமிடம் ஆகும். வாய்விட்டே வாசியுங்கள், இது காதுக்காகப் பிறந்த பாட்டு.

போர் முடிந்து வீடு திரும்ப அலையும் ஒடிசியஸ் முதல் நான்கு பாகங்களில் வரவே மாட்டார், மகன்தான் அலைவான். ‘கதை எப்போது தொடங்கும்’ என்று பலர் நிறுத்துவது இங்கே. தகப்பன் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதே அந்த நான்கு பாகங்களின் கதை என்று தெரிந்தால் அவசரப்பட மாட்டீர்கள். 9 முதல் 12 வரை கூற்று மாறுகிறது. ஒற்றைக்கண் அரக்கன், மோகினிப் பாட்டு, பாதாளம் எல்லாவற்றையும் ஒடிசியஸே ஒரு விருந்தில் சொல்கிறார். கேட்கிறவர்கள் அவருக்குக் கப்பல் கொடுக்க வேண்டியவர்கள். எவ்வளவு நம்பலாம் என்று குழுவில் பேச ஒரு மாலை போதாது.

பத்தொன்பதாம் பாகத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பிச்சைக்காரக் கோலத்தில் வந்தவரின் காலைக் கிழச் செவிலி யூரிக்லியா கழுவுகிறாள். கை தொடையில் உள்ள தழும்பைத் தொடுகிறது. தொட்டதும் ஹோமர் நிறுத்திவிட்டு, அந்தத் தழும்பு வந்த பன்றி வேட்டையை ஏறத்தாழ 75 வரிகளில் சொல்கிறார். அது முடிந்த பிறகுதான் அவள் காலைக் கைவிடுகிறாள். கால் பாத்திரத்தில் விழுகிறது, வெண்கலம் ஒலிக்கிறது, சாய்ந்து தண்ணீர் தரையில் கொட்டுகிறது. மொழிபெயர்ப்புகளை ஒப்பிட இதைவிடப் பொருத்தமான பகுதி கிடையாது.

ஈடிபஸ் மன்னன்

ஏறத்தாழ 1,530 வரி, இரண்டு மணி நேரம், ஒரே அமர்வு. அரங்கில் சோபோக்ளிஸ் பேசும் நடிகர்கள் மூவரை மட்டுமே வைத்து எல்லாப் பாத்திரங்களையும் நடத்தினார், முகமூடிதான் மாறும். நீங்களும் அப்படியே செய்யலாம். ஒருவர் முழுக்க ஈடிபஸ். இரண்டாமவர் பூசாரி, ஜொகாஸ்டா, இடையன், அரண்மனைத் தூதன். மூன்றாமவர் கிரியோன், குருட்டுக் குறிசொல்லி டைரீசியஸ், கொரிந்துத் தூதன். எந்தக் காட்சியிலும் ஒருவருக்கே இரண்டு வேடம் மோதாது. மிச்சமிருப்பவர்கள் குழுப்பாட்டைச் சேர்ந்து வாசியுங்கள். தனித்தனியாக வீட்டில் படித்துவிட்டு வந்து பேசினால் இந்த நாடகம் பாதிகூடக் கிடைக்காது.

கெஞ்சி கதை

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய அரண்மனைப் பெண் ஒருவர் எழுதியது, கெஞ்சி என்ற அரசகுமாரனின் காதல்களைச் சொல்வது. 54 அத்தியாயங்கள், உள்ளே 795 குறும்பாடல்கள். வெளிநாட்டு வாசகர்களைத் தடுமாற வைப்பது, ஆட்களுக்குப் பெயர் இல்லாதது. பதவி, வீடு, ஒரு பூ, ஒரு பாட்டின் சொல், இவற்றால்தான் சுட்டுவார்கள். தமிழருக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. அகத்திணையில் ‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்’ என்று தொல்காப்பியம் விதித்ததே இதுதான். கெஞ்சியை அகப்பாட்டு படிக்கும் மனத்தோடு படியுங்கள், தோழியின் வேலையைப் பணிப்பெண்கள் செய்வது உடனே தெரியும்.

சைடன்ஸ்டிக்கரின் 1976 மொழிபெயர்ப்பு ஆட்களுக்கு நிலையான பெயர் வைத்துக்கொள்கிறது, முதல் முறைக்கு எளிது. டைலரின் 2001 மொழிபெயர்ப்பில் பதவி உயர உயரச் சுட்டும் பெயரும் மாறும். ஆனால் ஒவ்வோர் அத்தியாயத் தலைப்பிலும் ஆட்களின் பட்டியல் இருக்கும்.

ஒன்பதாம் அத்தியாயத்தோடு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊர்வலம் பார்க்க மறைவாக வந்த, கெஞ்சியின் காதலியான ரொகுஜோ சீமாட்டியின் வண்டியை கெஞ்சியின் மனைவி ஆட்கள் பின்னுக்குத் தள்ளி உடைத்துவிடுகிறார்கள். அந்த அவமானம் அவளையறியாமலே அவளிடமிருந்து புறப்பட்டு, பிரசவத்தில் கிடக்கும் மனைவியைப் பிடிக்கிறது. தூங்கி எழுந்த ரொகுஜோவின் உடையில் பேயோட்டும் சடங்கில் எரித்த விதைகளின் வாடை. தலை குளிக்கிறாள், உடை மாற்றுகிறாள், வாடை போகவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய பக்கம் இது.

செஜாரா மெலாயு

பள்ளியில் மலாய் படித்த நமக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத உலகச் செவ்வியல் நூல் இது, மலாக்கா அரசர்களின் கதையைச் சொல்வது. யுனெஸ்கோ 2001இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அரபு வடிவ ஜாவி எழுத்திலிருந்து ரோமன் எழுத்துக்கு மாற்றிய பதிப்பை எடுங்கள். பழைய மலாய் மிரட்டினால் பிரவுனின் 1952 ஆங்கில மொழிபெயர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொடக்க அத்தியாயங்களில் சோழ நினைவு வருகிறது. பதிப்புக்குப் பதிப்பு சூரான், சூலான் என்று எழுதியிருக்கும். அந்த மன்னன் சீனத்தின் மீது படையெடுத்து வருகிறான். சீனர்கள் ஒரு பழங்கப்பலில் துருப்பிடித்து மெலிந்த ஊசிகளையும் காய்த்து நிற்கும் மரங்களையும் பல் போன கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். புறப்பட்டபோது இவை தடித்த இரும்புக் கம்பிகள், மரங்கள் விதைகள், நாங்கள் இளைஞர்கள் என்கிறார்கள் கிழவர்கள். இவ்வளவு தூரமா என்று படை திரும்பிவிடுகிறது. பிறகு அவனே கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்குள் இறங்குகிறான். (நகரத்தில் உள்ள ஜாலான் ராஜா சூலான் பேராக் அரச குடும்பத்தவர் ஒருவரின் பெயர். இந்தக் கதையோடு சேர்க்க வேண்டாம்.) வரலாறா கற்பனையா என்ற சண்டையில் நேரம் போக்காமல் கூற்றைக் கேளுங்கள்: மலாக்கா அரசர்களின் குலப்பெருமையை எழுதுகிறவர் அதற்குள் ஏன் ஒரு சோழனைக் கொண்டுவந்தார்?

டான் கிஹோத்தே

டான் குயிக்சாட் என்று பலர் அறிந்த நூல், வீரக்கதைகளைப் படித்துத் தன்னையே ஒரு வீரனாக நினைத்துக்கொள்பவரின் கதை. வாரத்துக்குப் பத்து அத்தியாயம். காற்றாலைச் சண்டை எட்டாம் அத்தியாயத்திலேயே முடிந்துவிடும். படத்தில் பார்த்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று அங்கே நிறுத்தாதீர்கள், நூலின் உண்மையான விளையாட்டு அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது.

எட்டாம் அத்தியாயக் கடைசியில் இரண்டு பேர் வாளை ஓங்கி நிற்க, கதை அறுந்துபோகிறது: கிடைத்த ஏடு இவ்வளவுதான். ஒன்பதில் கதைசொல்லி டொலேடோ கடைத்தெருவில் ஓர் அரபு ஏட்டுக்கட்டை வாங்குகிறார், அதில் மிச்சக் கதை இருக்கிறது. மொழிபெயர்க்க ஒருவரைப் பிடிக்கிறார். கூலி இரண்டு அரோபா உலர்திராட்சை, அதாவது ஏறத்தாழ 23 கிலோ, அதோடு இரண்டு ஃபனேகா (பழைய ஸ்பானிய முகத்தல் அளவு) கோதுமை. ஒன்றரை மாதத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு முடித்துத் தருகிறார். அதன் பிறகு நாம் படிப்பது யார் கூற்று? அரபு வரலாற்றாசிரியருடையதா, திராட்சைக்கு வேலை செய்தவருடையதா, செர்வாந்தெஸுடையதா? மூன்று வரி நோட்டு இந்த நூலில்தான் அதிகம் உதவும்.

முதல் பாகத்தின் 33 முதல் 35 வரை வேறொரு தனிக்கதை குறுக்கே வரும். அலுப்புத் தட்டினால் அதைத் தள்ளிவைத்துப் பிறகு படிக்கலாம். இரண்டாம் பாகத்தை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். அதில் வருகிறவர்கள் முதல் பாகத்தைப் படித்தவர்கள். 1614இல் வேறொருவர் போலித் தொடர்ச்சி வெளியிட்டதும் கதைக்குள் நுழைந்துவிடுகிறது. அந்தப் போலியைப் பொய்யாக்கவே கிஹோத்தே சரகோசா போகாமல் பார்சலோனாவுக்கு வழியை மாற்றிக்கொள்கிறார். கிராஸ்மனின் 2003 மொழிபெயர்ப்பு ஓட்டமாகப் படிக்கலாம்.

குற்றமும் தண்டனையும்

வாரத்துக்கு ஒரு பாகம், ஏழாவது வாரம் பின்னுரை. ரஷ்யப் பெயர்களுக்குப் பயப்பட வேண்டாம். நம் அடையாள அட்டையில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்று இருப்பதை ரஷ்யர்கள் விகுதியாக ஒட்டிவிடுகிறார்கள். கதைத் தலைவன் ரோடியன் ரோமானோவிச் என்றால் ரோமான் மகன் ரோடியன். தங்கை அவ்தோத்யா ரோமானோவ்னா, ரோமான் மகள். ரஸ்கோல்நிகோவ் குடும்பப் பெயர். ரோத்யா, துன்யா செல்லப் பெயர்கள். மரியாதைக்கு ஒன்று, அன்புக்கு ஒன்று, அதிகாரத்துக்கு ஒன்று. யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்று கவனித்தாலே உறவு மாறுவது தெரியும். இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

தன் அறையிலிருந்து, தான் கொல்லப்போகும் அடகுக்காரி வீட்டுக்குச் சரியாக 730 காலடி என்று ரஸ்கோல்நிகோவ் எண்ணிவைத்திருக்கிறான். ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு நாள் 730 காலடி எண்ணி நடந்து பாருங்கள். ஏழு எட்டு நிமிடம், அரைக் கிலோமீட்டர். கொலை அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. கதை நடப்பது ஜூலை வெக்கையில், வியர்வையும் சுண்ணாம்பு நாற்றமும் நிறைந்த தெருக்களில்.

சிதைவுகள்

1958இல் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நைஜீரிய நாவல், என்.கே. மகாலிங்கத்தின் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. 25 அத்தியாயங்கள், மூன்று பாகங்கள், வாரத்துக்கு ஒன்று. முதல் வாரம் 13 அத்தியாயம் வரும், மற்ற இரண்டு வாரமும் ஆறு ஆறு. பழமொழிகளைத் தனியாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ்ப் பழமொழி ஒன்றை எழுதிப் பாருங்கள். பொருந்தாத இடங்கள்தான் அந்த ஊரைக் காட்டும்.

நூல் முழுக்க ஊர்க்குரலில் போகிறது. கடைசிப் பத்தியில் கூற்று திடீரென்று ஆங்கிலேய மாவட்ட அதிகாரிக்குப் போய்விடுகிறது. 24 அத்தியாயங்களுக்கு மேல் நாம் கூடவே வாழ்ந்த மனிதனுக்கு, தான் எழுதப்போகும் புத்தகத்தில் ஒரு பத்தி கொடுத்தால் போதும் என்று அவர் கணக்குப் போடுகிறார். ரப்பர்த் தோட்டத்துப் பழைய ஆவணங்களில் தன் பாட்டன் பெயரைத் தேடி, ஓர் எண்ணையும் கூலித் தொகையையும் மட்டும் கண்டவர்களுக்கு அந்தப் பத்தியை யாரும் விளக்க வேண்டியதில்லை. சந்திப்பில் அதை ஒருவர் வாசிக்கட்டும். உடனே பேசத் தொடங்க வேண்டாம்.

அடுத்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி ‘போரும் அமைதியும்’ தொடங்கலாம். டி.எஸ். சொக்கலிங்கத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. 361 அத்தியாயங்கள், நாளுக்கு ஒன்று. நாலு நாள் மிச்சமிருக்கும்.